நேற்று காலை ஏழு மணியிலிருந்து

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் அம்மா. கீழே கூடை இருக்கிறது. இல்லை, வேண்டாம், நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். பஸ் குலுங்குகிற குலுங்கலுக்கு அது தாங்காது.

உள்ளே முயல். உயிரோடுதான் இருக்கிறது. இப்போதுதான் துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். மூச்சு ஓடுகிறது. வேகமாக ஓடுகிறது. அதற்கு எப்போதுமே மூச்சு வேகம்தான், ஆனால் இது வேறு வேகம்.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். "அண்ணாச்சி, கூடையில என்ன, சேவலா?" என்றார். முயல் என்றேன். "கறிக்கா?" என்றார். வைத்தியத்துக்கு என்றேன். "முயல் கறி எந்த வைத்தியத்துக்குங்க கேக்கும்?" என்றார். பின்சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் முன்னால் இடம் இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்தேன்.

ராமையன்பட்டியில் இறங்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றேகால் மணி நேரமா? எனக்கும் தெரியும், சங்கரன்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவன். இருந்தாலும் கேட்டேன். யாராவது குறைத்துச் சொல்வார்களா என்று கேட்டேன்.

இதன் பெயர் உழக்கு. என் மனைவி வைத்த பெயர். ஆவுடையம்மாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டிலிருந்து முந்தானையில் வைத்துக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறத்தில், உள்ளங்கையில் அடங்கிற்று. "இந்தாங்க, உழக்கு அரிசி அளவுகூட இல்ல, பாருங்க" என்றாள். அதுவே பெயராயிற்று. இப்போது இரண்டு கிலோ இருக்கும். இந்த ஒயர் கூடையும் அவள் பின்னியதுதான். உள்ளே விரித்திருப்பது அவள் சேலை. அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

என்ன உடம்புக்கு என்றா கேட்டீர்கள்? சாப்பிடவில்லை. இன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஆமாம், ஒரு வேளைதான். உங்களுக்கும் எனக்கும் ஒரு வேளை ஒன்றுமில்லை. முயலுக்கு அப்படி இல்லையாம். ராமையன்பட்டி டாக்டர் அம்மா போனில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கை கூடைக்குள் போய்த் தொட்டுப் பார்க்கிறது. பாருங்கள். நாற்பது வருஷம் மோட்டாருக்கு காயில் கட்டிய கை. தலைமுடி மாதிரிக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி எண்ணிச் சுற்றிய கை. எனக்கு யாரும் தொழில் கற்றுத் தரவில்லை. ஒரு கரிந்த மோட்டாரைப் பிரித்தேன், சுற்றை எண்ணினேன், அதேபோலக் கட்டினேன், ஓடிற்று. அவ்வளவுதான் என் படிப்பு. கரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே எந்த காயில் போயிற்று என்று சொல்வேன். பேரிங் சத்தமா, சுழலியில் உரசலா என்று பார்க்க, ஸ்க்ரூ கழற்றுகிற திருப்புளி முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். உள்ளே நடப்பதெல்லாம் காதுக்கு வந்துவிடும்.

இன்று காலையில் இதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். திருப்புளி இல்லாமல், வெறும் காது. மற்ற நாளில் இது மடியில் படுத்திருக்கும்போது உள்ளே ஏதோ ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ தூரத்தில் தண்ணீர் இறைக்கிற மாதிரி. இன்று ஒன்றுமே இல்லை அம்மா. கரண்டு போன தெரு மாதிரி இருந்தது.

பிளாஸ்கில் என்ன, வெந்நீரா? கேட்கக் கூடாது, இருந்தாலும் கேட்கிறேன். ஒரு அரை டம்ளர் கிடைக்குமா? குடிக்க இல்லை. இந்தப் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, இதன் பக்கத்தில் வைக்கலாம். சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். காதைத் தொட்டுப் பாருங்களேன். முயல் காது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இது ஜில்லென்று இருக்கிறது. வெற்றிலைக் கட்டைத் தொட்ட மாதிரி.

போதும், போதும். உங்களுக்கு வேண்டாமா? தங்கச்சிக்கா? ஆஸ்பத்திரியிலா? என்ன செய்கிறது? வயிற்றுவலியா. சரி. நேற்றுத்தான் வந்தது, ஒன்றும் பயமில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னாரா. நல்லது. நல்லது அம்மா.

இது எப்படி ஆரம்பித்தது என்றா? எல்லாம் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லியால் வந்தது. தறி ஓட்டுகிறவள். நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. வருகிறபோதெல்லாம் இதற்கு ஒரு வர்க்கி, ஒரு வாழைப்பழத் துண்டு. முயலுக்குப் புல்தான் சாப்பாடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நார்தான் அதன் குடலைத் தள்ளுகிறதாம், டாக்டர் அம்மா சொன்னார்கள். புல் இல்லாமல் மாவும் இனிப்புமாகப் போனால் உள்ளே எல்லாம் களியாகித் தேங்கிவிடுமாம். அவள் கேட்டால்தானே.

புல் போடவில்லையா என்றால், போட்டேன். ஆவுடை இருந்தபோது தினமும் காலையில் போய் அருகம்புல், வேலிமசால், முருங்கைக் கொழுந்து என்று ஒரு கட்டு கொண்டுவருவாள். நானும் போனேன். இரண்டு மாதமாக முழங்கால் வலி. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். மழை பெய்த வாரம் போகவில்லை. வீட்டில் சோறு இருந்தது, ரஸ்க் இருந்தது. சாயங்காலம் நான் டீ குடிக்கும்போது இது வந்து காலைச் சுரண்டும். ஒரு துண்டு கொடுப்பேன். ஒன்றுதான். வீட்டில் இரண்டு பேர் டீ குடித்த இடம் அம்மா. ஒரு ஆள் கடித்துச் சாப்பிடுகிற சத்தமாவது கேட்கட்டும் என்று கொடுப்பேன். சில நாள் இரண்டு.

ஆனால் வர்க்கி கொடுத்தது செண்பகவல்லிதான்.

வன்னிக்கோனேந்தல் வந்துவிட்டதா? இன்னும் பாதிகூட வரவில்லை.

இதோ, கேட்கிறதா? பஸ் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது. பல்லைக் கடிக்கிறது. நறநறவென்று. சந்தோஷமாக இருந்தாலும் இது பல்லை உரசும், ஆனால் அது மெல்லிய சத்தம், தலையைத் தடவினால் வரும். இது வலியாம். முதுகைப் பந்து மாதிரிக் கூட்டி, கண்ணைப் பாதி மூடி, மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தால் வலி என்று அர்த்தமாம். எனக்குத் தெரியவில்லை. ராத்திரி முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. நான் தூங்குகிறது என்று நினைத்தேன்.

ஆமாம், காலையிலிருந்து என்றுதான் சொன்னேன். நேற்று ராத்திரியே கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கோமாரி ஊசி போடக் கிராமத்துக்குப் போயிருந்தார். உதவியாளர் மட்டும் இருந்தார். பொறுமையான மனுஷர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இது கல்லு மாதிரி இல்ல, மாவு மாதிரி இருக்கு, அதுவரைக்கும் நல்லது. ஆனா எங்க கையில இல்ல அண்ணாச்சி. இப்பவே ராமையன்பட்டிக்கு பஸ் ஏறுங்க" என்று சொல்லி, அங்கே ஒரு டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

அந்த அம்மாவுக்கு உங்கள் வயதுகூட இருக்காது, குரலை வைத்துச் சொல்கிறேன். "ஐயா, கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்கள்.

நான், "நேத்து ராத்திரி நல்லா சாப்பிட்டுச்சும்மா" என்றேன்.

"புழுக்கை எப்ப போட்டுச்சு?"

"இன்னிக்குக் காலையிலகூடப் போட்டுச்சு."

"அப்ப நேரம் இருக்கு, பயப்படாதீங்க. முயல் பன்னெண்டு மணி நேரம் சாப்பிடாம, புழுக்கை போடாம இருந்தாலே ஆபத்து. அதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னுச்சுன்னா உள்ள இருக்கறது புளிச்சுக் காத்துப் பிடிச்சுக்கும். அதுக்கு வாந்தியும் வராது. மனுசனுக்குக் குடுக்கற மருந்து எதையும் குடுத்துராதீங்க. சூடா வச்சுக்கோங்க, புல்லைப் பக்கத்துல போட்டு வைங்க, தின்னா திங்கட்டும், வாயில திணிக்காதீங்க. வந்ததும் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு சரியாச் சொல்லுங்க. அத வச்சுத்தான் நாங்க வேலைய ஆரம்பிப்போம்."

"சரிம்மா" என்றேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். "முயல் வலியைக் காட்டாது ஐயா. காட்டில வலியைக் காட்டினா அடுத்தது வந்து பிடிச்சுத் தின்னுரும். அதனால நல்லா இருக்கற மாதிரியே நடிக்கும். நமக்குத் தெரியும்போது நாள் கடந்திருக்கும்." எனக்கு அதுதான் புரியவில்லை. என் வீட்டில் நாய் இல்லை, பூனை இல்லை. நான் ஒருவன்தான். அங்கே இது யாருக்குப் பயந்து மறைத்தது?

தேவர்குளம். டிரைவர் டீ குடிக்க இறங்குகிறார். இன்ஜினை நிறுத்திவிட்டார், நல்லதாயிற்று. ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள். காதை வைத்துப் பார்க்கிறேன்.

...

இல்லை. ஒன்றும் இல்லை.

அம்மா, உங்களிடம் சொல்வதில் என்ன. நீங்கள் யாரோ, நான் யாரோ. இது ராத்திரி சாப்பிடவில்லை. நேற்று காலையிலேயே சாப்பிடவில்லை. ஏழு மணிக்கு எழுந்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் போட்ட புல் போட்டபடி கிடந்தது. புழுக்கை எப்போதும் பட்டாணி அளவில், உருண்டையாக, நிறையக் கிடக்கும். தினம் ஒரு முறம் பெருக்குவேன். நேற்று மிளகு மிளகாக ஏழெட்டு. அதுவும் முடியில் கோத்த பாசிமணி மாதிரி ஒன்றோடொன்று தொங்கிற்று. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு, வயிறு மந்தம் என்று தெரிந்துகொண்டு, புல்லை எடுத்துவிட்டேன்.

ஆமாம், எடுத்துவிட்டேன். கிண்ணத்தையும் எடுத்து மேலே வைத்தேன். வயிறு சரியில்லை என்றால் வயிற்றைக் காயப்போட வேண்டும், அதுதானே வழக்கம்? உங்கள் வீட்டில் சொல்ல மாட்டார்களா? லங்கணம் பரம ஔஷதம். எங்கள் அப்பா சொல்வார். ஒரு வேளை, இரண்டு வேளை பட்டினி போட்டால் வயிறு தானாகச் சரியாகும். என் வாழ்நாள் முழுவதும் எனக்கு அப்படித்தான் சரியாகியிருக்கிறது. சூடான மோட்டாரை என்ன செய்வோம்? சுவிட்சை அணைத்து ஆறவிடுவோம். ஓடவிட்டால் கரிந்துபோகும். வயிறும் அதுபோல என்று நினைத்தேன். கெடுதல் நினைத்தா எடுத்தேன்?

செண்பகவல்லி பத்து மணிக்கு வந்தாள். "என்ன மாமா, பாக்கு மாத்திக் கல்யாணம் நின்னுபோன கொமரு மாதிரி ஒரு மூலையில உக்காந்திருக்கு? யாரு என்ன சொன்னீக?" என்றாள். வயிறு மந்தம், காயப்போட்டிருக்கிறேன் என்றேன். சிரிப்பு நின்றுபோயிற்று. "புல்ல ஏன் எடுத்தீக? சாப்பிடாத உசுருகிட்ட இருந்து சாப்பாட்டப் பிடுங்குவாகளா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க மாமா" என்றாள்.

"உனக்குத் தெரியாது, போ" என்றேன்.

"நீங்க மோட்டாருக்கு வைத்தியம் பாருங்க மாமா. உசுருக்குப் பாக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இது வழக்கம். முன்னாலும் ஒரு தடவை இப்படிச் சொன்னாள். அப்போது ஆறு மாதம் நான் அவளோடு பேசவில்லை.

சாயங்காலம் ஒரு பாலாடை ஓமத் தண்ணீர் ஊற்றினேன். தலையைத் தலையைத் திருப்பிற்று. பிடித்து ஊற்றினேன்.

ஏழு மணியிலிருந்து ஏழு மணி இருபத்துநாலு. இப்போது பத்து மணி. இருபத்தேழு மணி நேரம். அதற்கு முந்தின ராத்திரி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கே ஆபத்து என்றார்கள்.

ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். வாயில் வந்துவிட்டது. அந்த உதவியாளர் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு பேர் ஆடு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நேற்றிலிருந்து என்று சொன்னால், நேற்று என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களா மாட்டார்களா?

பஸ் புறப்பட்டுவிட்டது. நல்லவேளை.

இப்போது நினைத்துப் பார்த்தால், எனக்குத் தெரியாத விஷயமே இல்லை இது. உப்புத் தண்ணீர்க் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கிவிட்டுப் பத்து நாள் ஓட்டாமல் போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்கு நானே சொல்வேன், "தண்ணி வேண்டாட்டாலும் தினம் அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்துங்க, நின்னா நின்னதுதான்" என்று. ஊரெல்லாம் சொன்னேன்.

உங்கள் தங்கச்சிக்கு வலி எந்தப் பக்கம்? தெரியவில்லையா. சரி, டாக்டர்கள் பார்ப்பார்கள்.

ஆனால் டாக்டர்கள் பேச்சை முழுதாக நம்பாதீர்கள் அம்மா. ஒரு டாக்டர் என்னிடம் சொன்னதை இந்த ஒன்றரை வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆடித்தபசு சமயம். அந்த வருஷம் தண்ணீர் கீழே போய், ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் கரிந்து என் கடை வாசலில் கிடந்தது. எனக்குக் குனிந்த தலை நிமிர நேரமில்லை. ஆவுடை ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அம்மன் ஒற்றைக் காலில் தபசு நிற்பாள். அந்தக் கால் வலியை நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வது என்று கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றெட்டுச் சுற்று வேண்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வந்து, "வயித்துல ஒரு மாதிரிச் சுருட்டிப் பிடிக்குதுங்க" என்றாள். நான் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒரு நாள் வயித்தக் காயப்போடு" என்றேன். சொன்னபடி கேட்கிறவள். போட்டாள். மறுநாள் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், இன்னும் சரியாகவில்லையே, அதற்குள் என்ன என்று நான்தான் தட்டை எடுத்து வைத்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அதோடு சுற்றவும் போனாள். சிரித்துக்கொண்டுதான் போனாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், தேவலை என்பாள். ஒரு மனுஷிக்கு வலி இருந்தால் சொல்ல மாட்டாளா? கூட இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

செண்பகவல்லி அப்போதும் வந்து, "அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். அதுதான் ஆறு மாதம் பேசவில்லை என்றேனே.

திங்கட்கிழமை வாந்தி நிற்கவில்லை. கார் பிடித்து இதே ரோட்டில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த டாக்டர் சின்ன வயது. கையில் சீட்டை வைத்துக்கொண்டு, "எப்பத்துல இருந்து வலி?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து" என்றேன்.

அவர் அவளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு வலியிலும் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, அவுக சொல்றதுதான்" என்றாள்.

அவளே ஆமாம் என்றாளா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். வலி அவளுடையது, அவளே ஆமாம் என்றாள்.

சீட்டில் ஒரு நாள் என்று எழுதினார்கள். டிரிப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அறுத்தார்கள். குடல் முறுக்கி, அந்த இடம் கறுத்துப்போயிருந்ததாம். புதன்கிழமை போய்விட்டாள். அந்த டாக்டர் வராந்தாவில் என்னிடம் வந்து, "பெரியவரே, இது ஒரு நாள் வலி இல்ல. நாலு நாளாவது ஆயிருக்கும். முதல்லயே சொல்லியிருந்தா வந்த அன்னிக்கே அறுத்து உள்ள போயிருப்போம்" என்றார்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். மணிக்கணக்குப் பார்த்தா யாருக்காவது வலி வருகிறது? ஒன்றரை வருஷமாக அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. எத்தனையோ தடவை போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். பஸ் நிலையம் வரை வந்திருக்கிறேன். இன்றுதான் பஸ் ஏறியிருக்கிறேன், அதுவும் இதற்காக.

மானூர் தாண்டிவிட்டதா? நான் கவனிக்கவில்லையே. அடுத்தது ராமையன்பட்டிதானே?

காதைத் தொடுங்கள் அம்மா. கொஞ்சம் சூடு வந்த மாதிரி இல்லை? இல்லை, பாட்டில் பக்கத்தில் இருக்கிற காது. அந்தப் பக்கத்துக் காது அப்படியேதான் இருக்கிறது. பல்லைக் கடிப்பது நின்றுவிட்டது. நின்றது நல்லதா? எது நின்றாலும் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உழக்கு. ஏ உழக்கு. பார்க்கிறது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறது.

இப்படிப் பார்க்காதே.

அம்மா, ஒரு உதவி செய்வீர்களா? அங்கே போனதும் கேட்பார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். போனில் சொன்னதையே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என் வாய் அப்படி. யாராவது சட்டென்று கேட்டால் நல்லபடியாக ஒன்றைச் சொல்லிவிடும். நீங்கள் டாக்டர் மாதிரி ஒரு தடவை கேளுங்கள். நான் சொல்லிப் பழகிக்கொள்கிறேன். எப்பத்திலிருந்து சாப்பிடவில்லை என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், இந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

வியாழக்கிழமையிலிருந்து.

இல்லை. இல்லை இல்லை. இன்று செவ்வாய்தானே? இது நேற்றுத்தான். இது திங்கட்கிழமைதான். வியாழக்கிழமை இது இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் நான் மாரிச்சாமித் தேவர் மோட்டாருக்கு காயில் கட்டிக்கொண்டிருந்தேன், அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது வியாழக்கிழமை.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.

ஒன்றுமில்லை. கண்ணில் தூசி. ஜன்னலைச் சாத்த வேண்டாம், இதற்குக் காற்று வேண்டும்.

இன்னொரு தடவை கேளுங்கள்.

நேற்று காலை ஏழு மணியிலிருந்து. அதற்கு முன்னால் எப்போது நிறுத்தியது என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. புல்லை எடுத்தது நான். ஓமத் தண்ணீர் ஊற்றியது நான். ரஸ்க்கும் நான்தான் கொடுத்தேன், தினமும் இரண்டு, மூன்று. போனில் சொன்னது பொய்.

சரியாக வந்துவிட்டது. இப்படியே சொல்லிவிடுவேன்.

கண்டக்டர் குரல் கொடுக்கிறார். "முயல் வைத்தியம் இறங்கலாம்!" என்கிறார், கேட்டீர்களா? சொல்லட்டும். அவரே எழுந்து வந்து படியில் கையை நீட்டுகிறார் பாருங்கள், கூடையை வாங்கிக்கொள்ள. கூடையை நான் கொடுக்க மாட்டேன். வெந்நீருக்கு ரொம்ப உபகாரம். நேற்று காலை ஏழு மணி. நேற்று காலை ஏழு மணி.

அம்மா, ஒன்று சொல்லட்டுமா? ஆஸ்பத்திரிக்குப் போனதும் உங்கள் தங்கச்சியிடம் எப்பத்திலிருந்து வலி என்று நீங்கள் ஒரு தடவை கேளுங்கள். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.